பின்னால் தரை இருக்கிறதா? மலைச் சாலையில் ரிவர்ஸ் கேமரா

கோத்தகிரியிலிருந்து எங்கள் ஊருக்குப் பிரிந்து போகும் எஸ்டேட் ரோடு ஒரு வண்டி போகும் அகலம்தான். இறங்கும்போது வலது பக்கம் தேயிலை மேடு, இடது பக்கம் தேயிலைச் சரிவு. சரிவுப் பக்கம் சுண்ணாம்பு அடித்த கற்களை வரிசையாக நட்டிருப்பார்கள். மழைக்காலத்தில் அதில் நாலைந்து பெயர்ந்து கீழே போய்விடும். போன நவம்பரில் ஒரு சாயங்காலம் அந்த ரோட்டில் இறங்கிக்கொண்டிருந்தேன். மிஸ்ட் இறங்கிவிட்டது. வண்டிக்கு முன்னால் நாலு பாகம் தூரத்துக்கு மேல் ஒன்றும் தெரியவில்லை. எதிரே இலை மூட்டை ஏற்றிய பிக்கப் ஒன்று முக்கி முக்கி ஏறி வந்து நின்றது. ஓட்டிய பையன் தலையை வெளியே நீட்டி, "அண்ணா, லோடு இருக்குங்ணா. நீங்க கொஞ்சம் மேல எடுத்துக்கங்க, அந்த வளைவுகிட்ட ஒதுங்கிக்கலாம்" என்றான்.

அவன் கேட்டது நியாயம். மலையில் ஏறும் வண்டிக்கு இறங்கும் வண்டி வழிவிட வேண்டும். இது டிரைவர்களுக்குள் இருக்கும் வழக்கம் என்று பலர் நினைக்கிறார்கள், நம் நாட்டுச் சாலை விதிகளிலேயே இருக்கிறது. ஏற்றத்தில் நின்றுபோன லோடு வண்டியைத் திரும்பக் கிளப்புவது கஷ்டம், பின்னால் உருட்டுவது அதைவிட ஆபத்து. ஆகவே ஒதுங்க இடம் இல்லாத ரோட்டில் பெரும்பாலும் இறங்குகிறவர்தான் ரிவர்ஸ் எடுத்துத் திரும்ப மேலே போகிறார். இருட்டும் நேரத்தில், ஈரமான ரோட்டில், ஒரு பக்கம் பள்ளத்தை வைத்துக்கொண்டு.

ரிவர்ஸ் கியரைப் போட்டதும் திரையில் ரோடு தெரிந்தது. இடது ஓரத்தில் வெள்ளைக் கற்கள் ஒன்று, இரண்டு, மூன்று. அப்புறம் ஒரு இடைவெளி. அந்த இடத்தில் தார் விளிம்பு உடைந்து, அதற்கு அந்தப் பக்கம் வெறும் வெள்ளை. மிஸ்ட்டா பள்ளமா என்று பிரித்துச் சொல்ல முடியாத வெள்ளை. பின் பம்பரில் இருக்கும் நாலு சென்சார்களும் சத்தமே போடவில்லை. வலது பக்கம் மேட்டை ஒட்டி வளர்ந்திருந்த புல்லுக்கு மட்டும் ஒருமுறை பீப் என்றன. புல்லுக்குக் கத்திய சென்சார் பள்ளத்துக்குக் கத்தவில்லை. மலையில் வண்டி ஓட்டுகிறவர்கள் ஏன் கேமரா வைக்க வேண்டும் என்று யாராவது கேட்டால், நான் இதைத்தான் முதலில் சொல்கிறேன்.

சென்சார் வேலை செய்யும் விதத்தைப் பார்த்தால் காரணம் புரியும். பம்பரில் பொத்தான் மாதிரி இருக்கிறதே, அது நம் காதுக்குக் கேட்காத ஒலியை அனுப்புகிறது. எதிரே சுவரோ காரோ இருந்தால் ஒலி பட்டுத் திரும்பி வரும். போய் வர எவ்வளவு நேரம் ஆனது என்பதைக் கணக்கிட்டு, இவ்வளவு தூரத்தில் ஏதோ இருக்கிறது என்று பீப் அடிக்கும். காற்றில் ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர் போகும் என்பதால் இந்தக் கணக்கு கண்ணிமைக்கும் நேரத்தில் முடிந்துவிடும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் பட்டுத் திரும்ப ஒரு பொருள் இருந்தாக வேண்டும். பள்ளத்தில் என்ன இருக்கிறது? காற்றுதான். அனுப்பிய ஒலி திரும்பி வரவில்லை என்றால் சென்சாரைப் பொறுத்தவரை பின்னால் தடை எதுவும் இல்லை, தாராளமாக வரலாம். கோயம்புத்தூர் பார்க்கிங்கில் அதன் மௌனத்துக்கு 'இடம் இருக்கிறது' என்று பொருள். குன்னூர் பக்கம் அதே மௌனத்துக்கு 'ரோடு முடிந்துவிட்டது' என்றும் பொருள் இருக்கலாம். இரண்டையும் பிரித்துக் காட்டுவது படம் ஒன்றுதான்.

நம் நாட்டில் 2019 ஜூலை 1 முதல் புதிய கார்கள் எல்லாவற்றிலும் பின்பக்க சென்சார் கட்டாயம். டிரைவர் ஏர்பேக், வேக எச்சரிக்கை, சீட் பெல்ட் எச்சரிக்கை எல்லாம் அதே பட்டியலில் வந்தவை. கேமரா அந்தப் பட்டியலில் இல்லை. விலை கூடிய மாடல்களில் கம்பெனியே பொருத்தித் தருகிறது, மற்றவர்கள் வெளியே கடையில் போட்டுக்கொள்கிறார்கள். "அதான் சென்சார் இருக்கே" என்று சொல்லித் தவிர்க்கிறவர்கள் மலையிலும் நிறைய. சமவெளியில் அந்தப் பேச்சுக்குக் கொஞ்சமாவது பொருள் உண்டு. இங்கே இல்லை.

கேமரா வருவதற்கு முன் இந்த வேலையைச் செய்தவர் கிளீனர். என் அப்பா எஸ்டேட் லாரி ஓட்டியவர். கிளீனர் இறங்கிப் பின்னால் போய் நிற்காமல் அவர் ரிவர்ஸ் கியரைத் தொட்டதே இல்லை. "வா, வா, வா... லெஃப்ட்ல ஒடி... இன்னும் ஒடி... போதும், ஹோல்டான்!" என்று குரல் வரும். கூடவே கையில் கட்டையும் இருக்கும், வண்டி நின்றதும் சக்கரத்துக்கு அடியில் போட. அரசு பஸ்ஸில் கண்டக்டர் இறங்கி விசில் கொடுப்பதும் இதே ஏற்பாடுதான். லாரிக்கும் பஸ்ஸுக்கும் ஆள் உண்டு. காரில் போகும் குடும்பத்துக்கு யார் இருக்கிறார்கள்? மழையில் மனைவியையோ மகனையோ இறக்கிவிட்டு, பள்ளத்தின் ஓரத்தில், நகரும் வண்டிக்குப் பின்னால் நிற்கவைப்பது சரியான யோசனை இல்லை. சரிவில் கால் வழுக்கினாலோ வண்டி ஓரடி கூடுதலாக வந்தாலோ முதலில் மாட்டுவது அவர்கள்தான்.

கண்ணாடியில் பார்த்தால் போதாதா என்றும் கேட்பார்கள். ஒருநாள் நானே அளந்து பார்த்தேன். என்னுடையது சின்ன கார், பின்பக்கம் அதிகம் உயரம் இல்லை. சமதளத்தில் நிறுத்தி, பின்னால் ஒரு பிளாஸ்டிக் குடத்தை வைத்துவிட்டு, டிரைவர் சீட்டில் உட்கார்ந்து உள் கண்ணாடியில் பார்த்தேன். குடம் தெரியவில்லை. மகள் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால் நகர்த்தி வைத்துக்கொண்டே போனாள். குடத்தின் வாய் கண்ணாடியில் எட்டிப் பார்த்தபோது டேப்பை வைத்து அளந்தால் 21 அடி. அதாவது பம்பருக்கும் அந்த இடத்துக்கும் நடுவில் குடம் உயரத்தில் என்ன இருந்தாலும் எனக்குத் தெரியாது. தவழ்கிற குழந்தை, படுத்திருக்கும் நாய், பெயர்ந்து விழுந்த கல், எதுவுமே. பக்கக் கண்ணாடிகள் வண்டியின் இரு பக்கத்தையும் காட்டும், நேர் பின்னால் இருப்பதைக் காட்டாது. உயரமான எஸ்யூவியில் இந்தக் குருட்டு இடம் இன்னும் நீளும்.

அமெரிக்காவில் இதற்காகவே ஒரு சட்டம் வந்தது. தந்தை ரிவர்ஸ் எடுத்த காரில் அடிபட்டு இறந்துபோன இரண்டு வயதுக் குழந்தையின் பெயரில் 2008-ல் கையெழுத்தான சட்டம் அது. குழந்தை பின்னால் இருந்தது அவருக்குத் தெரியவில்லை. ரிவர்ஸ் எடுக்கும் வண்டிகளில் அடிபட்டு ஆண்டுக்குச் சராசரியாக 210 பேர் இறக்கிறார்கள், 15,000 பேர் காயப்படுகிறார்கள் என்று அந்நாட்டு நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிர்வாகம் 2014-ல் கணக்குச் சொன்னது. இறந்தவர்களில் 31 சதவீதம் 5 வயதுக்கு உட்பட்ட குழந்தைகள், 26 சதவீதம் 70 வயதைக் கடந்தவர்கள். அவர்களில் எத்தனை பேரைச் சொந்த வீட்டு ஆளே இடித்திருப்பார் என்று நினைத்தால் மனம் கனத்துப்போகிறது. 2018 மே மாதத்திலிருந்து அங்கே விற்கும் புதிய கார்கள் அனைத்திலும் கேமரா கட்டாயம். வண்டிக்குப் பின்னால் 20 அடி நீளம், 10 அடி அகலம் கொண்ட இடம் திரையில் தெரிய வேண்டும், ரிவர்ஸ் கியர் போட்ட 2 நொடிக்குள் படம் வந்துவிட வேண்டும் என்பது விதி. என் குடம் மறைந்திருந்த 21 அடியும் அந்த 20 அடியும் கிட்டத்தட்ட ஒன்றாக இருந்தது எனக்கு ஆச்சரியம்தான். யோசனை என்னவோ பழையது. 1956-லேயே பியூக் செஞ்சுரியன் என்ற மாதிரிக் காரில் கண்ணாடிக்குப் பதிலாகப் பின்னால் ஒரு டிவி கேமராவை வைத்துக் காட்டினார்கள்.

இனி திரையில் தெரியும் கோடுகளுக்கு வருகிறேன். பச்சை, மஞ்சள், சிவப்பு என்று மூன்று நிறத்தில் வரும். மலைவாசிகளுக்கும் மலைக்கு வருகிறவர்களுக்கும் இதில் ஒரு முக்கியமான விஷயம் இருக்கிறது, காரோடு வரும் கையேட்டில் அச்சடித்திருந்தும் யாரும் படிப்பதில்லை.

அந்தக் கோடுகள் எதையும் அளப்பதில்லை. தரை சமமாக இருந்தால், பின்னால் ஒரு மீட்டரில் இருக்கும் இடம் திரையில் எந்த உயரத்தில் தெரியும், இரண்டு மீட்டரில் இருக்கும் இடம் எங்கே தெரியும் என்று முன்கூட்டியே கணக்குப் போட்டு வரைந்தவை அவை. சில கார்களில் ஸ்டீயரிங்கைத் திருப்பினால் கோடும் வளையும். அப்போதும் தரை சமம் என்ற எண்ணம் மாறாது. வண்டி நிற்கும் தரையும் பின்னால் இருக்கும் தரையும் ஒரே சரிவில் இருந்தால் கணக்கு ஓரளவு சரியாகவே இருக்கும். சரிவு மாறும் இடத்தில்தான் பிசகும்.

எங்கள் பக்கம் பல வீடுகள் ரோட்டுக்கு மேலே இருக்கும். ரோட்டிலிருந்து வீட்டுக்குச் செங்குத்தாக ஒரு காங்கிரீட் ஏற்றம், டயர் வழுக்காமல் இருக்க அதில் குறுக்கே கோடு கீறியிருப்பார்கள். சமமான ரோட்டில் நின்று அந்த ஏற்றத்தில் ரிவர்ஸ் எடுப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தரை மேலேறுகிறது. ஆகவே ஒன்றரை மீட்டரில் இருக்கும் பூந்தொட்டி, சமதளத்தில் இரண்டரை மீட்டரில் இருக்கும் பொருள் தெரிய வேண்டிய உயரத்தில் திரையில் தெரியும். கோட்டை நம்பினால் இன்னும் இடம் இருக்கிறது என்று தோன்றும், நிஜத்தில் இருக்காது. பின்னால் தரை இறங்கினால் இதற்கு நேர்மாறு: பொருள் இருப்பதைவிடக் கிட்டத்தில் இருப்பதுபோலத் தெரியும். அது பரவாயில்லை, சீக்கிரம் நிறுத்துவோம். மேலேறும் தரைதான் ஏமாற்றும். வழிவிடுவதற்காக ரிவர்ஸ் எடுக்கும்போது நாம் போவதே மேல்நோக்கித்தான் என்பதை இதோடு சேர்த்துப் பாருங்கள். கொண்டை ஊசி வளைவு நெருங்கும் இடத்தில் ரோட்டின் சரிவு சட்டென்று மாறும். அங்கே பச்சைக் கோட்டை நம்பக் கூடாது.

வண்டியின் பாரமும் இதே திசையில் ஏமாற்றும். பின் சீட்டில் மூன்று பேர், டிக்கி நிறைய பெட்டி, கம்பளி, சமையல் சாமான் என்று வரும் காரில் பின்பக்கம் தாழ்ந்துவிடும். கேமராவும் கூடவே தாழ்ந்து தரையை நோக்கிக் குனியும். அப்போதும் பொருள்கள் இருப்பதைவிடத் தள்ளி இருப்பதாகத் தோன்றும். ஊட்டிக்கு வரும் குடும்பங்களின் கார் பெரும்பாலும் இந்த நிலையில்தான் மலை ஏறுகிறது. லென்ஸ் வேறு அகலமாகப் பார்க்கும் வகை, அதனாலேயே எல்லாம் கொஞ்சம் சின்னதாக, தள்ளித் தெரியும். ஆகவே என் வழக்கம் இது: திரையை 'என்ன இருக்கிறது' என்று பார்க்க வைத்துக்கொள்கிறேன், 'எவ்வளவு தூரம்' என்று பார்க்க அல்ல. தூரத்தில் சந்தேகம் வந்தால் ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு இறங்கிப் பார்க்கிறேன். அரை நிமிஷ வேலை.

நீலகிரிக்கு வெளியூர் வண்டி எவ்வளவு வருகிறது என்பது இ-பாஸ் வந்த பிறகு எல்லோருக்கும் தெரிந்த கணக்கு. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் இ-பாஸ் வந்தது. 2025 ஏப்ரலில் நாளுக்கு 6,000 வண்டி, சனி ஞாயிறுகளில் 8,000 வண்டி என்று உச்சவரம்பும் வைத்தார்கள். கொடைக்கானலுக்கு 4,000, 6,000. இவ்வளவு பேரில் ஏற்றத்தில் ரிவர்ஸ் எடுத்துப் பழகியவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள்? அவர்கள் வீட்டுத் தெருவில் அதற்கு அவசியமே வந்திருக்காது. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் ஏறும் பெரிய ரோடு, அதன் 14 கொண்டை ஊசி வளைவுகளோடு, எல்லோரும் பேசும் ரோடு. ஆனால் அங்கே ரிவர்ஸ் எடுக்கும் வேலை வருவது அபூர்வம். மேப் காட்டிய குறுக்கு வழியில் தங்கும் விடுதியைத் தேடிப் போய், எஸ்டேட் ரோட்டில் சிக்கிக்கொள்ளும்போதுதான் வேலையே ஆரம்பிக்கிறது. அப்படி மாட்டிக்கொண்ட ஒருவருக்கு நான் இறங்கி வழி சொல்லியிருக்கிறேன். ஏசி காரில் அவர் சட்டை முழுக்க நனைந்திருந்தது.

கேமராவால் இன்னொரு நன்மை உண்டு, அதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. ஏற்றத்தில் ரிவர்ஸ் எடுக்கும்போது கிளட்சும் ஆக்சிலேட்டரும் கால் நுனியில் இருக்க வேண்டும். கழுத்தையும் இடுப்பையும் முழுசாகத் திருப்பிப் பின்னால் பார்த்தால் உடம்பு நகரும், காலும் கூடவே நகரும். திரை முன்னால் இருந்தால் நேராக உட்கார்ந்தபடியே காலை நிதானமாக வைத்துக்கொள்ளலாம். கழுத்து வலி உள்ளவர்களுக்கும் வயதானவர்களுக்கும் இது பெரிய உதவி. அறுபது வயதைக் கடந்த என் மாமா இப்போது தைரியமாக வண்டி எடுக்கிறார் என்றால் இதுதான் காரணம்.

சரி, கேமரா வைத்தால் விபத்து நின்றுவிடுமா? அமெரிக்காவில் காப்பீட்டு நிறுவனங்கள் நடத்தும் நெடுஞ்சாலைப் பாதுகாப்பு ஆய்வு மையம் இரண்டு விஷயங்களைக் கண்டுபிடித்திருக்கிறது. கேமரா, பின்னால் இருக்கும் குருட்டு இடத்தைச் சராசரியாகச் சுமார் 90 சதவீதம் குறைக்கிறது. ஆனால் ரிவர்ஸ் எடுக்கும்போது நடக்கும் விபத்துகள் குறைந்தது சுமார் 17 சதவீதம்தான். இந்த இரண்டு எண்ணுக்கும் நடுவில் இருப்பவர் டிரைவர். திரையில் தெரிகிறது, அவர் பார்க்கவில்லை. அல்லது பார்த்துக்கொண்டே வேகமாக வருகிறார். அல்லது திரையை மட்டுமே பார்த்து, பக்கத்திலிருந்து வருகிறவரைக் கோட்டைவிடுகிறார். வண்டியே தானாகப் பின்பக்க பிரேக் போடும் வசதியும் கேமராவோடும் சென்சாரோடும் சேர்ந்திருக்கும் கார்களில் விபத்து 78 சதவீதம் குறைந்திருக்கிறது. அந்த வசதி இருக்கும் கார்கள் நம் ஊரில் இன்னும் எண்ணிக்கையில் குறைவு. ஆகவே இப்போதைக்குப் பார்க்க வேண்டியது நாம்தான், பிரேக் போட வேண்டியதும் நாம்தான்.

மலையில் கேமரா காட்டாத ஒரு ஆபத்து முன்பக்கம் இருக்கிறது. ஸ்டீயரிங்கை முழுசாக இடது பக்கம் ஒடித்து ரிவர்ஸ் எடுத்தால் வண்டியின் பின்பக்கம் இடதுக்குப் போகும், மூக்கு வலது பக்கம் வீசும். வளைவில் கண் திரையிலேயே இருந்தால் மூக்கு மண் சுவரில் தேயும், அல்லது முன் சக்கரம் ரோட்டை விட்டு வெளியே இறங்கும். பின்னால் ஒரு பார்வை, இரண்டு பக்கக் கண்ணாடியில் ஒரு பார்வை, முன்னால் ஒரு பார்வை என்று மாறி மாறிப் பார்த்தபடி ஆளின் நடை வேகத்தில் எடுக்க வேண்டும்.

வெளிக் கடையில் கேமரா போடுகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும், இதில் கவனம் தப்பினால் கேமரா இல்லாததைவிட மோசம். பின்னால் பார்க்கும் கேமராவின் படத்தை இடவலம் மாற்றிக் காட்ட வேண்டும், அப்போதுதான் நம் இடது பக்கம் இருப்பது திரையிலும் இடது பக்கம் தெரியும். கடையில் விற்கும் பல கேமராக்களை முன்பக்கத்துக்கும் பின்பக்கத்துக்கும் பொதுவாகச் செய்கிறார்கள். அதில் ஒரு சின்ன ஒயர் வளையம் இருக்கும், அதை வெட்டினால் படம் இடவலம் மாறும். பொருத்துகிறவர் இதை மறந்துவிட்டால் பள்ளம் இருக்கும் பக்கத்தைத் திரை மேட்டுப் பக்கமாகக் காட்டும். அப்படிப் பொருத்திய ஒரு காரில் நான் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். வாங்கி ஒரு மாதமாகியும் வண்டிக்காரர் கவனிக்கவே இல்லை. கடையை விட்டுக் கிளம்பும் முன் ஒருவரை வண்டியின் இடது பின் மூலையில் நிற்கச் சொல்லித் திரையில் எந்தப் பக்கம் தெரிகிறார் என்று பாருங்கள்.

கேமராவுக்கான கரண்டை ரிவர்ஸ் லைட் ஒயரிலிருந்து எடுப்பார்கள். கியர் போட்டதும் லைட் எரியும், கேமராவும் உயிர்பெறும். இதற்காக டிக்கிக் கதவில் துளை போடச் சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். எங்கள் ஈரத்துக்கு அந்தத் துளையைச் சுற்றி ஒரே வருஷத்தில் துரு பிடிக்கும். நம்பர் பிளேட் லைட் இருக்கும் இடத்திலேயே உட்காரும் கேமராக்கள் இருக்கின்றன. தண்ணீர் புகாது என்று சொல்லி ஐபி67 என்று போட்டிருப்பதை வாங்குவது நல்லது. மலிவான கேமராவில் லென்ஸுக்கு உள்ளேயே ஈரம் கோத்துக்கொள்ளும், துடைக்கவும் முடியாது. பெரிய தொடுதிரை ஸ்டீரியோ சில வண்டிகளில் காலையில் விழிக்கவே அரை நிமிஷம் எடுத்துக்கொள்கிறது. படம் வரும்வரை காத்திருங்கள், குளிரில் இன்ஜினுக்கும் அந்த அரை நிமிஷம் நல்லதுதான்.

ராத்திரியில் கேமராவுக்கு வெளிச்சம் தருவது ரிவர்ஸ் லைட்தான். பல கார்களில் ஒரே ஒரு லைட்தான் இருக்கிறது, அதுவும் மிஸ்ட்டில் பட்டுச் சிதறிப் படத்தை வெளுக்க வைக்கும். பல்பு எரிகிறதா, கண்ணாடி மங்கவில்லையே என்று அவ்வப்போது பார்த்துக்கொள்ள வேண்டும். அன்று எனக்குக் கற்கள் தெரிந்ததற்குக் காரணம் அதில் அடித்திருந்த சுண்ணாம்பு. மூன்றாவது கல்லுக்கு அப்புறம் இடைவெளி தெரிந்ததும் வலது பக்கமாக ஒடித்து, மேட்டை உரசுகிற அளவுக்கு ஒட்டி, வளைவு வரை போய் ஒதுங்கினேன். பிக்கப் கையகலம் விட்டுத் தாண்டிப் போனது. பையன் ஹாரனைச் சின்னதாக ஒருமுறை தட்டினான்.

இப்போது டிரைவர் கதவின் பையில் ஒரு பழைய பனியன் துணி எப்போதும் கிடக்கும். அந்த ரோட்டில் இறங்கும் முன் வண்டியை நிறுத்தி, துணியை விரலில் சுற்றி லென்ஸை ஒருமுறை துடைத்துவிடுகிறேன். ஒரே ஒரு நீர்த்துளி அதன் நடுவில் நின்றால் போதும், கல் இருக்கும் இடமும் கல் பெயர்ந்த இடமும் திரையில் ஒன்றாகத் தெரியும்.